ஐந்தாவது தட்டு

ஐந்தாவது தட்டு கெட்டுப்போயிருந்தது.

அவள் மறுபடியும் ஆய்வக விளக்குப் பெட்டிக்குள் பார்த்தாள். முதல் நான்கு தட்டுகளிலும் பாக்டீரியா வைத்த இடத்திலேயே புள்ளியாக இருந்தது. ஐந்தாவதில் மட்டும் விளிம்புவரை பரவியிருந்தது. வெட்கமே இல்லாமல்.

தக்காளி இலையைக் கருக்கும் கிருமி. நீல வெளிச்சம் பட்டால் நல்ல பிள்ளையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இருட்டில்தான் நீந்தும். மூன்று வருடமாக இதைத்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்படியென்றால் இது இருட்டில் இருந்த தட்டு. யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. ஜெசிந்தாதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், விடுமுறையில், ஆய்வகத்தைத் திறந்தவள் ஜெசிந்தா. தட்டுகளை உள்ளே வைத்து விளக்கைப் போட்டவளும் ஜெசிந்தா. போன மாதம் எல்லோர் முன்னாலும், இந்த வெளிச்சக் கதையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றவளும் ஜெசிந்தாதான்.

அன்றே இவளுக்குச் சந்தேகம்.

காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். பெட்டியைத் தொடாதே, நானே வந்து பார்க்கிறேன் என்றார். இப்போது ஜெசிந்தா அவர் அறைக்குள் இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. உண்மை என்று ஆனால், ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

போகட்டும்.

பெட்டியின் கண்ணாடிக் கதவருகே இன்னும் தாழக் குனிந்தாள். தட்டுக்கு ஒன்றாக மேலே ஐந்து சின்ன விளக்குகள். நான்கு நீலமாக எரிந்தன.

ஐந்தாவதன் வாயை அடைத்துக்கொண்டு ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

பூஜையன்று மைக்ராஸ்கோப், தராசு, ஃபிரிட்ஜ் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள் இவள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள் ஜெசிந்தா.

“அக்கா, லைட்டுப் பெட்டிய விட்டுட்டீங்களே. அதுதான உங்க சாமி?”

சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டு, எட்டிய விளக்கில் தாராளமாக அப்பியிருந்தாள் இவள்.



அறைக்குள் ஜெசிந்தா அழுவது கேட்டது. போய்க் கதவைத் தட்ட வேண்டும். ஒரு வார்த்தை போதும்.

கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. நகம் பட்டதும் உதிர்ந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். “பெட்டிய யாரும் தொடலயே?”

“இல்ல சார்.”

ஐந்தாவது தட்டின் மேலும் இப்போது வெளிச்சம் விழுந்தது. அதன் மூடியில் கிடந்த குங்குமம், அந்த நீலத்தில் கறுப்பாகத் தெரிந்தது.