கடைக்குட்டிக்குத் தாடி பயம்

"ஒரு தாடிக்காரர் வேணும்ப்பா. தினம் பத்து நிமிஷம் வந்தா போதும்" என்றாள் மகள்.

அப்பா நாய்க்குட்டி ஒன்றை மடியில் மல்லாக்கப் போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "தாடிக்காரர் எதுக்கு?"

"கடைக்குட்டிக்குத்தான். காலையில பேப்பர்காரர் தாடியைப் பார்த்துட்டு சோபாவுக்கு அடியில ஓடிப்போய் ஒண்ணுக்குப் போயிடுச்சு."

வீட்டில் ஆறு குட்டிகள், நாலு வார வயசு. எட்டாவது வாரத்துக்குள் எல்லாவித மனிதர்களையும் சத்தங்களையும் பார்த்து, கேட்டுப் பழகிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பயந்தாங்கொள்ளிதான் என்று நாய் டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். அது ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது.

பட்டியல்படி அம்மா மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்து குடையை விரித்து மூடிவிட்டுப் போனார். மிக்சி வெறுமனே ஓடியது. ஐந்து குட்டிகள் எதற்கும் அசையவில்லை, கடைக்குட்டிக்கு மட்டும்தான் இந்தத் தாடிச் சிக்கல்.

சிக்கல் சின்னதுமில்லை. கடைக்குட்டியைக் கேட்டிருந்தது ஒரு பல் டாக்டர் குடும்பம். டாக்டர், இரண்டு மகன்கள், மூன்று பேருக்கும் தாடி. பயந்த குட்டி என்றால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மாவோ, தாய் நாய்க்கு மேல் இந்த வீட்டில் இன்னொரு வாய்க்கு இடமில்லை என்று கறாராகச் சொல்லியிருந்தாள். யாரும் எடுக்காவிட்டால் காப்பகம்தான்.

அப்பாவுக்குப் புது ஆட்கள் என்றாலே ஆகாது. சாமான் விற்க வருகிறவர்கள் அவர் கனைப்பைக் கேட்டே வாசலோடு திரும்பிவிடுவார்கள். எதையாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேண்டாம்தான், மறுபேச்சு கிடையாது. ஆனால் கடைக்குட்டி காப்பகத்துக்குப் போவதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"தாடியோட யாராவது தெரியுமா உனக்கு?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். ஆனா உடனே கூட்டிட்டு வரக்கூடாதுப்பா. முதல்ல வாசனை, அப்புறம் குரல், அப்புறம் தூரத்துல ஆள். கிட்ட வரும்போது கையில தின்ன ஏதாவது இருக்கணும். டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கார்."

மறுநாள் அந்த மனிதரின் பழைய சட்டை ஒன்று வந்தது. மகள் அதை அப்பாவின் சாய்வு நாற்காலி முதுகில் போட்டாள்.

"குட்டிங்க கூடையில போட வேண்டியதுதானே?"

"அதுங்க உங்க நாற்காலிக்கு அடியிலதானே கிடக்குதுங்க."

அதுவும் சரிதான் என்று அப்பா விட்டுவிட்டார். நாற்காலியைச் சட்டையோடு சேர்த்துப் பழகிக்கொண்டார்.

அடுத்து குரல். தினமும் அப்பா காபி குடிக்கும் நேரத்தில் மகள் செல்போனில் ஒரு பதிவைப் போட்டாள். யாரோ ஒருவர் நிதானமாகச் செய்தித்தாள் வாசித்தார். "உச்சரிப்பு சுத்தமா இருக்கே" என்றார் அப்பா. மூன்றாம் நாள் மகள் மறந்துபோக, "எங்கே அந்தச் செய்தி?" என்று அவரே கேட்டார்.

இரண்டாவது வாரம் தாடி தெருமுனையில் நின்றது. அப்புறம் வாசலில் நின்றது. அப்புறம் இரண்டு பொட்டலம் பிஸ்கட்டோடு கூடத்துக்கு வந்தது. குட்டிகளுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று.

ஆள் வாயாடி இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டிகள் மேலே ஏறி மேயும்வரை அசையாமல் இருந்தான். அப்பாவின் கரகரத்த ரேடியோவைக் கழற்றி, கேட்காமலேயே சரிசெய்து கொடுத்தான். அப்பா கனைக்கக்கூட மறந்துபோனார்.

ஒருநாள் கடைக்குட்டி அவன் செருப்பு வாரைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் பயம் போயிடுச்சே" என்றார் அப்பா.

"செருப்புக்குப் பழகிடுச்சுப்பா. தாடிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றாள் மகள்.

"அப்போ விட்டுடாதே. தினம் வரச் சொல்லு."

எட்டாவது வாரக் கடைசியில், மற்ற ஐந்து குட்டிகளும் ஆளுக்கொரு வீட்டுக்குப் போன பிறகு, பல் டாக்டர் இரண்டு மகன்களோடு வந்தார். கடைக்குட்டி மூன்று தாடிகளையும் ஒரு தடவை பார்த்தது. நேரே போய்ப் பெரிய தாடியை நக்கியது. ஐந்தே நிமிஷத்தில் அவர்களுடைய காரிலும் ஏறிவிட்டது. ஜன்னலில் தெரிந்த காதுகள் மறையும்வரை அப்பா வாசலிலேயே நின்றார். அவர் கண் கலங்கியதை அவர் மறைக்கவும் இல்லை.

உள்ளே வந்ததும் நாற்காலியில் சாய்ந்தார். "வீடே வெறிச்சுனு ஆயிடுச்சும்மா. அந்தத் தாடிப் பையனை நாளைக்கும் வரச் சொல்லேன்."

"குட்டிங்கதான் எல்லாம் போயிடுச்சேப்பா. எதுக்குன்னு சொல்லட்டும்?"

"எதுக்கா? சும்மாதான். தங்கமான பையன். அவனைக் கட்டிக்கப்போறவ கொடுத்து வெச்சவ."

மகள் நாற்காலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, போன வருஷம் உங்ககிட்ட ஒரு ஃபோட்டோ கொடுத்தேன். மைக் செட் போடுறவனான்னு கேட்டு, பார்க்காமலேயே கவுத்து வெச்சுட்டு வேண்டாம்னு சொன்னீங்க."

கோபப்பட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. கோபம்தான் வரவில்லை.

"அப்போ அந்தக் கடைக்குட்டிக்கு நாலு வாரமா பயம் தெளியலைன்னு சொன்னது?"

அம்மா காபியை அவர் கையில் கொடுத்தாள்.

"அது ரெண்டே நாள்ல பழகிடுச்சுங்க. நாலு வாரம் ஆனது உங்களுக்குத்தான்."