விரல் மை

கட்சியை விட்டு விலகியதிலிருந்தே, எந்தப் பக்கமும் சாயாதவர் என்று சாரங்கபாணிக்கு நன்னிலம் வட்டாரத்தில் பெயர். தேர்தல் வந்தால் வீடு வீடாகப் போய் எல்லாரையும் ஓட்டுப் போட வைப்பார்.

வாய்க்கால் தூர்வாரச் சொல்லி அவரோடு சேர்ந்து போராடிய அதே ஊர் சாஜிதா, ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரே ஓட்டில் தோற்றாள். சாரங்கபாணி ஆறுதல் சொல்ல வந்தார்.

“இன்னும் ஒருத்தர் போட்டிருந்தா சமமாயிருக்கும். குலுக்கலாவது நடந்திருக்கும்ணே.”

அவர் தலை குனிந்தார்.

“நீங்க என்ன செய்வீங்க? படுக்கையில கெடந்தவங்களக்கூட கூட்டிட்டு வந்தீங்க. சாப்பிட்டுப் போங்க.”

கை கழுவ, சாஜிதா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அவர் விரல் மை கரைந்து வழிந்தது.

“இது கரையாதேண்ணே?”

“ஸ்கெட்ச் பேனாம்மா. யாருக்குப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ஞ்சதா ஆயிடும்னு, இருபது வருஷமா நான் ஓட்டே போடலை.”

அவர் விரல் வெளுக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.