கவட்டை வால்

இன்று பஞ்சாரக் கூடையைத் தூக்கிக் கோழிக்குஞ்சுகளை வெளியே விட்டது அவளேதான்.

ஐந்து குஞ்சுகள். பதினாலாக இருந்தவை.

விட்டுவிட்டுக் கருவாட்டுப் பாய்க்குப் பின்னால் குந்திக்கொண்டாள். இமைக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது. அந்தத் திருட்டு முண்டத்தின் வாலைப் பார்க்காமல் இன்றைக்கு எழுந்திருப்பதில்லை.

தென்னை உச்சியில் கூடு. மட்டைகளுக்கு நடுவே ஒரு பழுப்பு முதுகு.

ஊர் அதைப் பருந்து என்கிறது. அவளும் அப்படித்தான் சொன்னாள். மரமேறி பக்கிரிசாமி மட்டும் ஒப்பவில்லை.

“பருந்துன்னா இப்பவே கூட்டப் பிச்சுப் போட்டுடுறேன் தங்கச்சி. கருடன்னா ஆள வுடு. அது கூட்டுல கை வெச்சா என் வம்சம் வெளங்குமா? வாலப் பாத்துச் சொல்லு.”

பருந்துக்கு வால் கவட்டை. கருடனுக்கு வட்டம். இது அவளுக்குத் தெரியாததா? கருவாட்டுக் களத்தில் இரண்டையும் விரட்டியே கை ஓய்ந்தவள்.

பார்க்க விட்டால்தானே!

வால் பார்க்க உட்கார்ந்த முதல் நாள் நிழல்தான் கண்ணில் பட்டது. நிமிர்வதற்குள் ஒரு குஞ்சு போயிற்று.

மறுநாள் பார்த்தாள். வாலை விசிறியாக விரித்துக்கொண்டு திரும்பியது. விரித்துவிட்டால் கவட்டையும் மறைந்துபோகும். அன்றைக்கு இரண்டு.

கவட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். பெற்ற உடம்புக்கு வீட்டுக் கோழியை அடித்துச் சாறு வைத்துக் கொடுக்க வேண்டும் என்றே அடை வைத்தவை இவை. கூடு ஒழிந்தால்தான் மிச்சம் தங்கும்.

மரத்தடியில் பக்கிரிசாமி தயாராக நின்றார். காலில் தளைநார். இடுப்பில் அரிவாள்.

மட்டை ஆடியது.

வந்துவிட்டது.

விரட்டுவதற்கு அவள் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டாள்.

தாய்க்கோழி கத்திக்கொண்டு பாய்ந்தது. கீச்சென்று ஒரு சத்தம். காலில் குஞ்சோடு அது அவள் தலைக்கு மேலேயே எழும்பியது. சிறகடிப்பதை நிறுத்தி, வாலை ஒடுக்கி, காற்றில் சறுக்கியது.

அவ்வளவு கிட்டத்தில். அவ்வளவு நிதானமாக.

பார்த்துவிட்டாள்.

வட்டம்.

பறந்து இரை பிடிக்கப் பழகிவிட்ட கருடன் குஞ்சு. வெள்ளைத் தலை வருவதற்கு இன்னும் நாள் ஆகும். அதுவரை பார்வைக்குப் பருந்துதான்.

“என்ன வாலு?”

பக்கிரிசாமி நின்ற இடத்திலிருந்து மட்டைகள்தான் தெரியும். பார்த்தது அவள் ஒருத்தி.

கவட்டை என்று ஒரு சொல் போதும். மனிதர் ஏறிவிடுவார். நாலு குஞ்சு பிழைக்கும். நாலு போதும் மகளுக்கு.

நாக்கு நுனிவரை வந்தது.

இதற்காகவா மூன்று நாளாகக் கண் பூத்துப்போக உட்கார்ந்திருந்தோம் என்று ஆத்திரமாக வந்தது. பார்க்காமலே இருந்திருந்தால் வாய் கூசாமல் சொல்லியிருப்பாள். பார்த்துத் தொலைத்துவிட்டாளே.

“வட்டம்ண்ணே,” என்றாள். “கருடன் குஞ்சு. அதான் இன்னும் தல வெளுக்கல.”

பக்கிரிசாமி தளைநாரைக் கழற்றினார். அண்ணாந்து பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“நல்லவேள தங்கச்சி. பெரிய பாவத்துலேருந்து காப்பாத்துன.”

உச்சியிலிருந்து கோழிக்குஞ்சின் மஞ்சள் தூவி ஒன்று ஆடி ஆடி இறங்கியது. அது தரைக்கு வரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

“தின்னுத் தொல!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கிரிசாமி மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவளுக்காக.