பத்து நாளாக ஆஜர்

கர்ர்ரக்! பிரிண்டர் அலறியதும் டைம் ஆபீஸில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். தாளில் முதல் வரி: அங்கப்பன், ஆஜர்.

பெரியநாயக்கன்பாளையத்து மில்லில் பாய்லர் வெடித்து, அங்கப்பன் கருகிச் செத்து இன்றோடு பத்து நாள்.

"உசுரோட இருக்கறப்ப மாசம் நாலு நாள் மட்டம் போடுவானுங்க. செத்தப்பறம் ஒரு நாள் தவறலீங்க!" டைம் கீப்பர் திருமலைசாமி நெற்றியைத் துடைத்தார்.

வாசலில் நின்ற அங்கப்பனின் மனைவி தெய்வாத்தாள், கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்திருந்த பெண்ணைப் பார்த்து விசும்பினாள். "பேயாத் திரியறாருன்னு ஊரே பேசுதுங்க அம்மணி. எம்பட புள்ளைக வெளிய தலைகாட்டறதில்லீங்க. அந்தப் பேரை அழிச்சுப்போடுங்க."

"பேயில்லீங்கக்கா, புரோகிராம்ல கோளாறு," என்றாள் கோவையிலிருந்து வந்திருந்த புரோகிராமர் சண்முகப்ரியா. "சார், நீங்க ஆருக்கு ஆஜர் போட்டீங்க?"

"பாலகோபாலுக்குங்க. காண்ட்ராக்ட் ஆளு, கேக்க நாதியில்லை. அதே வெடியில மூஞ்சி பூரா வெந்து, கட்டோட நெனவில்லாமக் கெடக்கறான். வேலையில அடிபட்டவன் ஆஸ்பத்திரியில இருக்கறவரைக்கும் ஆஜர் போடறது மில் வழக்கமுங்க. அவன் இடுப்புல இருந்த டோக்கன் நம்பரைப் போட்டு தினம் அங்கிருந்து சீட்டு வருமுங்க, அதைப் பார்த்து அடிக்கறேன்."

ப்ரியா புரோகிராமில் பெயர் தேடும் பகுதியான ஃபங்ஷனைத் திறந்தாள். டோக்கன் நம்பரை அடித்தால், ஆட்கள் பட்டியல் ஃபைலில் தேடிப் பெயரை எடுத்துத் தருவது அதுதான். நிரந்தரத் தொழிலாளி அங்கப்பனின் டோக்கன் 0417. காண்ட்ராக்ட் பாலகோபாலுடையது 417. ஃபைலில் எழுத்தாக இருந்ததை ஃபங்ஷன் எண்ணாக மாற்றி ஒப்பிட்டது. பூஜ்யம் உதிர்ந்து இரண்டும் ஒன்றாகி, எதை அடித்தாலும் பட்டியலில் முதலில் இருந்த அங்கப்பனே வந்தான்.

"ஒரு சைபர்ல என்னுங்க வந்துச்சு?" என்றார் திருமலைசாமி.

"அந்த சைபர்தானுங்க பேய்."

எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும்படி திருத்தினாள். 417 அடித்தாள். பாலகோபால் பெயர் வந்தது. தெய்வாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி, அதில் இருந்தபடியே அடித்தாள். பிரிண்டர் மறுபடி அலறியது.

அங்கப்பன், ஆஜர்.

திருமலைசாமி சுவரோடு ஒட்டிக்கொண்டார். ப்ரியா சீட்டை உற்றுப் பார்த்தாள். 0417.

அவள் திருமலைசாமி பக்கம் திரும்பினாள். "சார், செத்தவர் இடுப்புல என்ன டோக்கன் இருந்துச்சுங்க?"

"வெறும் நானூத்திப் பதினேழுங்க. மூஞ்சியே அடையாளம் தெரியலை. கம்ப்யூட்டர்ல அடிச்சுப் பார்த்துத்தான் அங்கப்பன்னு முடிவு பண்ணினோம். அப்ப மிச்சமிருந்தவன் பாலகோபால்னு..."

ப்ரியா தெய்வாத்தாளின் கையைப் பற்றினாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க! அங்க கட்டோட கெடக்கறது உங்க ஊட்டுக்காரருங்க!"