இடது கன்னம்

திரையில் மகளின் இடது கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

வலது கன்னம் எல்லாருடையதையும் போல மஞ்சள்.

அம்மா சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். திரும்பி என்ன செய்ய? சுவர் முழுக்கத் திரைதான்.

பொழுதுபோக்குப் பூங்காவின் ‘நாளைய உலகம்’ பகுதி. நுழைந்ததும் முதலில் இந்த வெப்பக் கூடம். இங்கே இருக்கும் கேமரா ஆட்களின் நிறத்தைக் காட்டாது, உடம்பின் சூட்டைக் காட்டும். வெள்ளி நிறக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“சூடா இருக்கிற இடம் சிவப்பு. ஜில்லுனு இருந்தா நீலம். உங்க மூக்கைப் பாருங்க, எல்லாருக்கும் நீலம்!”

கூட்டம் தன் மூக்கைப் பார்த்துச் சிரித்தது. குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு வாயும் நீலம். அதற்கு இன்னொரு சிரிப்பு.

நிறைமதி சிரிக்கவில்லை. ஏழு வயது. ரோபோ, ராக்கெட், செவ்வாய்க் கிரகம் என்று ஒரு வாரமாக அம்மாவின் உயிரை வாங்கியவள். இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த இடத்தில், தன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரை மணி நேரம் முன்பு, கழிப்பறை வாசலில், அம்மா ஆளுயர ரோபோ பொம்மையைக் காட்டி மகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

“இது பக்கத்துலயே நில்லு. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.”

வெளியே வந்தாள். ரோபோ நின்றது. மகள் இல்லை.

எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மஞ்சள் சட்டை, இரட்டைச் சடை என்று கேட்டாள். கெட்டதாக எத்தனை நினைக்க முடியுமோ அத்தனையும் நினைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார்கள். நிறைமதி எங்கிருந்தாலும் தகவல் மையத்துக்கு வரவும்.

வரவில்லை.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். மறுபக்கம், சுள்ளென்ற வெயிலில், ரோபோவின் இரும்பு விரலைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள்.

காணாமல் போய்க் கிடைத்த பிள்ளையை முதலில் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் பொருட்காட்சிக் கூட்டத்தில் அவளும் அப்படி வாங்கியிருக்கிறாள். அடி மறந்துவிட்டது. கட்டிக்கொண்டது நினைவிருக்கிறது.

ஒன்று வைத்தாள். ஓங்கி.

“மைக்ல அந்தக் கத்து கத்துறாங்களே, காதுல விழல?”

“நீதானேம்மா சொன்ன, யார் கூப்பிட்டாலும் போகக் கூடாதுன்னு.”

கட்டிக்கொள்ளக் குனிந்தபோதுதான் ரோபோவின் நெஞ்சில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். ஒன்று. இவ்வளவு நேரம் அவள் சுற்றிச் சுற்றி வந்த ரோபோவின் நெஞ்சில் இரண்டு என்று இருந்தது. கழிப்பறைக்கும் வாசல் இரண்டு. உள்ளே போனது ஒன்றில், வெளியே வந்தது இன்னொன்றில்.

பிள்ளை நகரவே இல்லை.

குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கட்டிக்கொள்வது?

அந்த முகத்தை மகள் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

“இனிமே நகர மாட்டேம்மா.”

அதற்கு அவள், ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினாள் மகள். கையைப் பிடித்து நேராக இங்கே கூட்டி வந்துவிட்டாள்.

நான்தான்டி வாசல் மாறி வந்துட்டேன். ஒரு வரிதான். தொண்டை வரை வருகிறது, வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. பிள்ளையிடம் தப்பை ஒத்துக்கொண்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவளிடமும் யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

கூடத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பலகை. அதில் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுத்தால், எடுத்த பிறகும் ஐந்து விரலும் திரையில் தெரிந்தன. ஐஸ் பெரியவர் வைத்து வைத்து எடுத்தார், மைக் பெண்ணிடம் கேட்டார்.

“இது எவ்வளவு நேரம்மா இருக்கும்?”

“அழுத்தி வச்சதைப் பொறுத்து சார்.”

அவள் தன் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மைக் பெண் அடுத்து இவர்கள் பக்கம் வந்தாள்.

“பாப்பாவுக்கு ஒரு கன்னம் மட்டும் செக்கச்செவேல்னு இருக்கே! என்ன ஆச்சு?”

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

நிறைமதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

“வெயில்ல நின்னேன் அக்கா.”

பொய்யில்லை. நிற்கத்தான் நின்றாள்.

மைக் நகர்ந்தது. கூட்டமும் தன் மூக்குகளுக்குத் திரும்பியது.

நிறைமதி திரையைப் பார்த்தபடியே வலது கன்னத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். உள்ளங்கையால், பரபரவென்று. மஞ்சள் மெல்ல மாறியது. நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் ஒத்துப் பார்த்தாள். போதவில்லை. மறுபடி தேய்த்தாள்.

“என்னடி பண்ற?”

“ரெண்டும் ஒரே மாதிரி ஆயிட்டா யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட வேண்டும். இப்போதே, இத்தனை பேர் முன்னாலேயே. முதலில் அந்தக் கன்னத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும்.

துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்தாள்.

திரையில், சிவப்பாக ஒரு கை மேலே எழுந்தது.

நிறைமதி அதைப் பார்த்தாள். கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

நகரவில்லை.