வாசலுக்கு வரும் வேன்

"இங்கிலீஷ் மீடியத்துல எட்டாவது முடிச்ச புள்ளையை யாராவது கவர்மெண்ட் ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேர்த்துவாங்களா, மருதா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தமிழ்செல்வன் ஆரம்பித்துவிட்டார். தங்கை மருதாள் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா" என்றவள், வாளியில் இருந்த கடைசித் துணியையும் உதறிப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

தமிழ்செல்வன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எதையும் நல்லது கெட்டது பார்த்துத்தான் செய்வார். மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்வார், கேட்காவிட்டாலும். கல்யாணமோ, தோட்டம் காடு வாங்குவதோ, பைக் மாற்றுவதோ, சொந்தத்தில் எல்லாரும் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். மருதாள் மட்டும் மகள் கவிப்பிரியாவின் டி.சி.யை வாங்கி, பெருமாநல்லூர் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது சேர்த்துவிட்டு வந்திருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது.

அவர் திண்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். பழைய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, வேன் வாசலுக்கே வந்து ஹாரன் அடிக்கும். புதுப் பள்ளிக்கூடத்தில் கூட்டம்தான் உண்டு. இன்னொரு கையில் மடக்க ஒரு விரலுக்குக்கூட நல்லது கிடைக்கவில்லை என்றார்.

அங்கேயும் நன்றாகத்தான் சொல்லித் தருகிறார்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன் என்றாள் மருதாள்.

"போற வழியைப் பாத்தியா? ரெண்டு பக்கமும் சோளக்காடு. நடுவுல ஒரு ஊடு கெடையாது."

"பாத்தனுங்க."

"பாத்துமா? உம்பட ஊட்டுக்குப் பின்னால லைன் வீட்ல இருக்கறானே மூக்கையா, அவன் மவ அனுசுயாளை அந்த வழியில தனியா அனுப்பாதேன்னு சொன்னவனே நாந்தான். உள்ளூர்ல எட்டாவது வரைக்கும் படிச்சது போதும், நம்ம கம்பெனிக்குப் பனியன்ல நூல் பிசிறு வெட்ட வரட்டும்னு சொல்லி வெச்சிருக்கறேன். நாளைக்கு வேலைக்கு வருது. ஊரான் புள்ளைக்கே இத்தனை பாக்கறவன், என்ற மருமகளுக்குப் பாக்க மாட்டனா?"

மருதாள் அண்ணனை நேராகப் பார்த்தாள். பிறகு, "கவி அங்கதானுங்கண்ணா படிக்கும்" என்றாள்.

"காரணத்தைச் சொல்லு."

"சொல்ல மாட்டனுங்க. சொன்னா அதையும் விரல் விட்டு எண்ணுவீங்க."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. மச்சான் நல்லானைத் தேடினார். மனுசன் இந்தப் பேச்சு வரும் என்று தெரிந்தே ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தார். மருமகளைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு கண்ணு. உனக்கு எந்த ஸ்கூல் வேணும்?"

"நடந்து போற ஸ்கூல்தானுங்க மாமா" என்றாள் கவிப்பிரியா. அம்மாவின் அதே பார்வை.

தாயும் மகளும் பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று தோன்றியது. அங்கே நின்றபடியே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். பிரின்சிபால் தெரிந்தவர்தான். இடம் இருக்கிறது, எப்போதும் போல வேனை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"காத்தால வேன் வந்து வாசல்ல நிக்கும், மருதா."

"நிக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டருகே மூக்கையா காத்துக்கொண்டிருந்தான். அயர்ன் செக்‌ஷனில் வேலை, உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். மகளைக் காணவில்லை.

"அனுசுயா எங்கடா?"

"வேலைக்கு வரல மாஸ்டர். பள்ளிக்கூடம் போயிருச்சு."

"சொல்லச் சொல்லத் தனியாவா அனுப்புனே?"

"தனியா எங்க மாஸ்டர்? உங்க மருமக கவி கூடத்தான். ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டுப் போகுதுக."

தமிழ்செல்வன் வாசலுக்கு அனுப்பச் சொன்ன வேனை நினைத்துச் செல்போனைப் பார்த்தார்.

மூக்கையா அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனான். பிள்ளையை மேலே படிக்க வைக்க வழியில்லையே என்று அவன் சம்சாரம் ஒச்சாயி தினமும் அழுதாளாம். போன வாரம் மருதாள் வந்து, கவியும் அங்கேதான் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும் என்றாளாம். இவன்தான் முடியாது என்றிருக்கிறான். வேலை சொல்லி வைத்த மாஸ்டர் கோபித்துக்கொண்டால் தன் பிழைப்புக்கு என்ன ஆகுமோ என்கிற பயம்.

"அதுக்கப்பறந்தான் மருதாள் அக்கா உள்ளதைச் சொல்லுச்சு மாஸ்டர்."

"என்ன சொன்னா?"

"இந்த யோசனையே உங்களுதுதானாம்ல. அனுசுயா படிப்பு நிக்கக் கூடாதுன்னு, உங்க மருமகளையே இங்கிலீஷ் ஸ்கூல்ல இருந்து மாத்தித் துணைக்கு அனுப்பச் சொன்னீகளாம். அதைக் கேட்டப்பறம்தான் எனக்குத் தெம்பே வந்துச்சு. ஒச்சாயி உங்களக் கும்புட்டுட்டு வரச் சொன்னா மாஸ்டர்."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். தமிழ்செல்வனை வெட்கம் பிடுங்கித் தின்றது. நேற்று எண்ணிய எண்ணிக்கையில் அனுசுயாவுக்கென்று ஒரு விரலைக்கூட அவர் மடக்கியிருக்கவில்லை.

செல்போன் அடித்தது. வேன் டிரைவர்.

"சார், ரொம்ப நேரமா வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கறனுங்க. பாப்பாவைக் காணோம். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமா?"

தமிழ்செல்வன் மூக்கையாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேண்டாம் தம்பி, நீ கெளம்பு. எங்க புள்ளைக ரெண்டும் நடந்து போயிட்டாங்க."