வெள்ளிக்கிழமை அட்வான்ஸ்

"ஒரு லட்சம் சார்! காசுன்னா மல்லாட்டைத் தோலுன்னு நெனச்சிட்டானா அந்த ஆளு? வெக்கம்னு ஒண்ணு இருந்தா சொன்ன தேதிக்கு வட்டி குடுக்க மாட்டான்?"

அன்பரசன் போட்ட சத்தத்தில், மண்டிக்குள் மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டிக்காரர் தண்டாயுதபாணி அசரவில்லை. கீழ்பென்னாத்தூரில் கடலை வியாபாரம் அவருக்கு முதல் தொழில். காசு இருப்பவரிடம் வாங்கி, இல்லாதவருக்குக் கொடுத்து, நடுவில் தன் கமிஷனை எடுத்துக்கொள்வது இரண்டாவது தொழில். கொடுத்தவர் பேரை வாங்கியவருக்குச் சொல்ல மாட்டார். வாங்கியவர் பேரைக் கொடுத்தவருக்கும் சொல்ல மாட்டார். வட்டி, பௌர்ணமிக்கு மறுநாள்.

"உக்காருங்க தம்பி. ஒரு வருஷத்துல ஒரு பௌர்ணமி தவறினது உண்டா? இந்த ஒரு வாட்டிதான் நாலு நாள் தள்ளிப் போச்சு."

"எனக்கு வட்டியே வேணாம் சார். அசலை வாங்கிக் குடுங்க. வெள்ளிக்கிழமை மனைக்கு அட்வான்ஸ், ரெண்டு லட்சம். கையில ஒரு லட்சம்தான் இருக்கு. இந்த ஒரு லட்சம் வரலேன்னா மனை வேற ஆளுக்குப் போயிடும். நாலு வருஷம் சார்! நாலு வருஷமா வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேத்த காசு!"

தண்டாயுதபாணி அவன் வயிற்றைப் பார்த்தார். கட்டியதாகத் தெரியவில்லை.

"வாடகை வீட்டுல இருக்கீங்களா?"

"சேச்சே! வேலைதான் இங்க பைக் ஷோரூம்ல. வீடு திருவண்ணாமலை, அப்பாவோட வீடு. கல்யாணக் கடன் ரெண்டு லட்சம் இருந்திச்சி. வாடகையும் குடுத்துக்கிட்டு அத எப்ப அடைக்கறது? நான், பொண்டாட்டி, பொண்ணு, மூணு பேரும் மூட்டையைக் கட்டிக்கிட்டு அங்க போயிட்டோம். 'நீ சேத்து வையிடா, மத்தத நான் பாத்துக்கறேன்'னுட்டாரு. ரெண்டே வருஷத்துல கடனை அடைச்சேன். அப்புறம் சேத்த மொத லட்சம்தான் உங்ககிட்ட குடுத்தது."

"மளிகை, கரண்ட் பில்லு?"

"எல்லாம் அப்பாதான். பென்ஷன் வருதில்ல? அவருக்கு வேற இன்னா செலவு?" என்றான் அன்பரசன். சொல்லும்போதே வேறொரு கோபம் ஞாபகம் வந்தது. "ஆனா ஒரு வாரமா அம்மா பால் இல்லாம கடுங்காப்பி குடுக்கறாங்க சார். கேட்டா ஒடம்புக்கு நல்லதாம்! அப்பா வேற பௌர்ணமிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு கிரிவலம் போயிட்டு வந்து, ராத்திரி பூரா லொக்கு லொக்குன்னு இருமித் தூங்க விடல. இருந்தாலும் சொல்றேன், எங்கப்பா மானஸ்தன். செத்தாலும் ஒருத்தன்கிட்ட கை நீட்ட மாட்டாரு. உங்க ஆளு மாதிரி அடுத்தவன் காசுல சோறு தின்ன மாட்டாரு!"

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"தப்பாப் பேசாதீங்க தம்பி," என்றார் தண்டாயுதபாணி. "பெரியவரு தங்கமானவரு. உள்ளூர்ல வாங்கினா நாலு பேருக்குத் தெரிஞ்சு போயிடும்னு, பஸ் ஏறி இங்க வந்து வாங்கினாரு. நேத்து நீங்க போன்ல கத்தினதுமே சொல்லிட்டேன், காசு குடுத்த பையன் மனை வாங்கப் போறாரு, அசல் வேணுமாம்னு. பதினோரு மணிக்கு வரேன்னிருக்காரு. நீங்க கெளம்புங்க. ஆளுக்கு ஆள் பாத்துக்கற வழக்கம் நம்ம மண்டியில இல்ல."

"வழக்கமாவது மண்ணாவது! மூஞ்சியப் பாத்து நாலு வார்த்தை கேக்காம நான் நகர மாட்டேன். வீட்டை அடமானம் வச்சாவது குடுக்கட்டும். எனக்கு இன்னா வந்திச்சி?"

வாசலுக்கு முதுகைக் காட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்தான். எதிரில் கிடந்த கடலையை எடுத்து உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். கேட்க வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்தினான். முதல் கேள்வி அவனுக்கே மிகவும் பிடித்திருந்தது. 'ஏன்யா, ஒனக்குப் புள்ளை இல்லியா? அவன் சோறு போட மாட்டானா? என் காசுதான் கெடச்சுதா?' இந்த ஒரு கேள்வியிலேயே அந்த ஆள் கூனிக் குறுகிப் போய்விடுவான்.

வெளியே பஸ் வந்து நின்று கிளம்பியது. சற்று நேரத்தில் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வந்துவிட்டான்! அன்பரசன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

அதற்குள் பின்னால் இருமல் கேட்டது. லொக்கு லொக்கு என்று, நிற்காத இருமல்.

உடைத்த கடலை அன்பரசன் விரல்களிலேயே நின்றது.

"மன்னிச்சிக்குங்க சார்," என்றது அந்தக் குரல். "பௌர்ணமியன்னிக்கு நல்ல மழை. கிரிவலத்துக்குக் கூட்டம் கம்மி. கார் நிறுத்தற எடத்துல நான் டோக்கன் கிழிக்கறதுக்கு ஒரு வண்டிகூட வரல, அதான் வட்டி தவறிடுச்சி. இந்தாங்க, எங்க வீட்டுப் பத்திரம். இத எங்கியாவது வச்சி அந்தப் பையனுக்கு அசலைக் குடுத்துடுங்க. மனை வாங்கற புள்ளை மனசு நோவக் கூடாது. எங்க அன்பரசனும் நாலு வருஷமா அதுக்குத்தான் சேக்கறான். அவன்கிட்டப் போய்ச் சோத்துக்குக் காசு கேக்க மனசு வராமத்தான், இந்தக் கடனையே நான் வாங்கினேன்."